நாலு விரல் தடம்

சொல்லிவிட்டால் திரும்ப எடுக்க முடியாத வார்த்தைகள் சில இருக்கின்றன. 2022 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் என் தங்கை வீட்டுக்காரரிடம் அப்படி ஒன்றைச் சொன்னேன்.

"மாப்பிள்ளை, கோபம் யாருக்கும் வரும். அதுக்காகப் பச்சப்புள்ளை மேல கை வைக்கலாமா?"

அவர் பதில் சொல்லவில்லை. கொடியில் காய்ந்த துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

நான் சொன்னது தப்பு என்று தெரிய எனக்கு ஒரு நாள் ஆனது. அந்தத் தப்புக்குக் காரணமே நான்தான் என்று தெரிய மேற்கொண்டு அஞ்சு நிமிஷம்தான் ஆனது!

முதலிலிருந்து சொல்கிறேன்.

பத்திரிகைக்காரர்களுக்கு பிரஸ் மீட் முடிந்ததும் வாசலில் ஒரு பை கொடுப்பார்கள். இருபது வருஷத்தில் எனக்கு அப்படிக் கிடைத்த பேனாக்களை வரிசையாக வைத்தால் அண்ணாசாலை வரைக்கும் வரும். ஒருமுறை பிரஷர் குக்கர்கூடக் கிடைத்தது. அந்த வருஷம் ஏப்ரலில் கிடைத்த பையில் இருந்தவை மூன்று சின்ன பழுப்புக் கண்ணாடி பாட்டில்கள். ஒன்று ஆரஞ்சு, ஒன்று லைம், ஒன்று பெர்கமாட். எசென்ஷியல் ஆயில். மூன்றிலும் பச்சை எழுத்தில் கொட்டையாக, 'நூறு சதவிகிதம் இயற்கை' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலத்தில் நாலு வரி.

நான் பி.காம். படித்தவன். 'ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை கையில் வந்தால், லாபத்தைப் பார்க்காதே, அடிக்குறிப்பைப் படி. உண்மை அங்கேதான் ஒளிந்திருக்கும்' என்று எங்கள் பேராசிரியர் மூன்று வருஷம் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தார். ஆண்டறிக்கையில் அதை இன்றைக்கும் தவறாமல் செய்கிறேன். பாட்டிலில் செய்யவில்லை.

ஆரஞ்சை மனைவியிடம் கொடுத்தேன். பெர்கமாட் என்றால் என்னவென்று தெரியாததால் அது மேஜை டிராயருக்குள் போனது. லைம் பாட்டில் தங்கை வீட்டுக்குப் போனது. அங்கே கொசுத் தொல்லை என்று அம்மா புலம்பிக்கொண்டிருந்தாள். பாட்டிலை அம்மா கையில் கொடுத்து, கூடவே மூன்று வாக்கியங்களும் கொடுத்தேன்.

"எலுமிச்சங்காய் எண்ணெய்தாம்மா. கொசு அண்டாது. இயற்கை, ஒண்ணும் பண்ணாது."

முதல் வாக்கியம் சரி. இரண்டாவது, பாதி சரி. மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

மாப்பிள்ளைக்கு அப்போது நேரம் சரியில்லை. கொரோனா காலத்தில் அவர் வேலை பார்த்த கம்பெனி இழுத்து மூடப்பட்டது. அடுத்தது சரியாக அமையவில்லை. வீட்டில் மனுஷன் சிடுசிடுவென்று இருக்கிறார் என்று தங்கை போனில் சொல்லியிருக்கிறாள். ஒருமுறை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் அவர் பையனை அதட்டுகிற சத்தம் கேட்டது. இதெல்லாம் என் மனசில் ஒரு ஓரமாகச் சேர்ந்திருந்தது.

அந்த ஞாயிறு போனபோது, மருமகன் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு ஓடிவந்தான். ஆறு வயசு. இடது தோளிலிருந்து மேல்கை வரை நாலு தடம். நீளநீளமாக, செம்பழுப்பாக, விரல் விரலாக. பின்பக்கம் கட்டைவிரல் மாதிரி ஒன்று. ஒரு தடத்தின் மேல் சின்னச் சின்னக் கொப்புளம்.

"யாருடா பண்ணது?"

"தெரியல மாமா. எரியுது."

தங்கையைப் பார்த்தேன். "விளையாடும்போது எங்கயாவது இடிச்சிருப்பான்ணே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். குழம்பு நிஜமாகவே பொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் எனக்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகத்தான் தோன்றியது. சந்தேகம் வந்துவிட்டால் குழம்பு பொங்குவதுகூடச் சாட்சியாகிவிடும்.

அதற்குப் பிறகு மாடி. துண்டு. மீதியைச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. கொப்புளம் பெரிதாகியிருந்ததால் தோல் டாக்டரிடம் போனோம். அம்மா, தங்கை, நான். பையனைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையும் வந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் அம்மாள் நடுத்தர வயசு. பையனை ஸ்டூலில் உட்காரவைத்து, விளக்கை இழுத்துவைத்துப் பார்த்தார். விரலால் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். பிறகு அவர் கேட்ட கேள்வி எங்கள் யாருக்கும் புரியவில்லை.

"ரெண்டு மூணு நாள் முன்னாடி இவன் மேல எலுமிச்சம்பழம் ஏதாவது பட்டுச்சா? ஜூஸ் பிழிஞ்சீங்களா?"

"பழம் இல்லம்மா" என்றாள் அம்மா. "எண்ணெய்."

வியாழக்கிழமை காலையில் நடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. மாடியில் பையன் தண்ணீர்த் தொட்டியில் ஆடப் போகிறான், கொசு கடிக்கும் என்று அம்மா ஒரு கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் தேங்காயெண்ணெய், ஒரு ஸ்பூன் லைம் எண்ணெய் விட்டுக் குழைத்திருக்கிறாள். 'நில்லுடா' என்று தோளைப் பிடித்திருக்கிறாள். அவன் வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டான். பனியனோடு மொட்டைமாடியில் தண்ணீரும் வெயிலுமாக இரண்டு மணி நேரம். அம்மாவின் நாலு விரலும் கட்டைவிரலும் எங்கே பதிந்தனவோ அங்கே மட்டும் எண்ணெய். மீதியை வெயில் பார்த்துக்கொண்டது.

"இங்க பாருங்க" என்று டாக்டர் பையனின் தோளில் ஒரு இடத்தைக் காட்டினார். விரல் தடம் தோளில் ஏறுகிறது. நடுவில் ஒரு அங்குலம் காணோம். அப்புறம் மறுபடி தொடர்கிறது. "இந்த ஒரு அங்குலம் பனியன் பட்டை. எண்ணெய் அங்கயும் பட்டிருக்கும். வெயில்தான் படல. அடிச்ச கன்றலா இருந்தா பட்டைக்குக் கீழயும் தெரிஞ்சிருக்குமே!"

'அடிச்ச கன்றல்' என்ற வார்த்தையை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"நீங்க கையைக் காட்டுங்கம்மா" என்று அம்மாவிடம் கேட்டார். உள்ளங்கையில் ஒன்றுமில்லை. இடது மணிக்கட்டின் மேல்பக்கம் ஒரு பழுப்புத் திட்டு. 'தோசைக்கல் சுட்டுடுச்சுன்னு நெனச்சேன்' என்றாள் அம்மா. அம்மாவும் அன்று மாடியில்தான் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாளாம்.

"இது அடிக்கடி நடக்கிற குழப்பம்தான். குழந்தை உடம்புல கை அச்சு மாதிரி தெரியறதால, பெத்தவங்க அடிச்சுட்டாங்கன்னு வெளிநாட்டுல விசாரணை வரைக்கும் போயிருக்கு. 1980-கள்லயே மெடிக்கல் ஜர்னல்ல எழுதியிருக்காங்க" என்றார் டாக்டர், கிரீம் பெயரை எழுதிக்கொண்டே.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த சொறி சிரங்கு போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

*

அதற்குப் பிறகுதான் அடிக்குறிப்பைப் படித்தேன். பூதக்கண்ணாடி வைத்து. அந்த நாலு எறும்பு வரியில் இரண்டாவது வரி: 'கோல்டு பிரஸ்டு'. நான்காவது வரி: 'தடவியபின் வெயிலைத் தவிர்க்கவும்'. எல்லாமே எழுதித்தான் இருந்தது.

கோல்டு பிரஸ்டு என்றால் பழத்தோலை அப்படியே நசுக்கிப் பிழிந்து எடுத்தது. ஆரஞ்சை உரிக்கும்போது கண்ணில் பீய்ச்சி அடிக்குமே, அதே எண்ணெய். எலுமிச்சைக் குடும்பத்தின் தோலில் வாசனை மட்டும் இல்லை. ஃபியூரனோகூமரின் என்று ஒரு வகை ரசாயனமும் இருக்கிறது. அதில் பெர்காப்டன் என்பது முக்கியமான ஆசாமி. நிழலில் அவர் பரம சாது. தோலில் அவர் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர், அதிலும் யு.வி.ஏ. என்ற வகை, பட்டுவிட்டால் போதும். தோலின் செல்களைத் தாக்கிவிடுவார். இது ஒவ்வாமை இல்லை. ஒருத்தருக்கு வரும், ஒருத்தருக்கு வராது என்கிற சமாச்சாரமும் இல்லை. போதிய அளவு எண்ணெயும் போதிய வெயிலும் சேர்ந்தால் யாருக்கும் வரும்.

இதில் பெரிய விஷமம் என்னவென்றால், உடனே தெரியாது. ஒரு நாள் கழித்துத்தான் சிவக்கும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். வியாழக்கிழமை தடவிய எண்ணெயை ஞாயிற்றுக்கிழமை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? அதற்குள் பழி போட வேறு ஆள் கிடைத்துவிடுகிறார்.

அதே பழத்தை ஆவியில் வடித்து எண்ணெய் எடுக்கும் முறையும் உண்டு. இந்த ஃபியூரனோகூமரின் ஆவியோடு ஏறி வராது. அதனால் வடித்த லைம் எண்ணெயில் இந்த வெயில் வம்பு கிடையாது. ஒரே பழம், ஒரே பெயர். எடுத்த முறை வேறு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைக் கண்டுபிடித்த கதையும் சுவாரசியம். நம் வீடுகளில் காய்ச்சல் வந்தால் நெற்றியில் நனைத்துப் போடுவார்களே யூடிகோலன், அதன் வாசனைக்கு ஆதாரம் பெர்கமாட். இத்தாலியின் கலாபிரியா பகுதியில் விளைகிற ஒரு புளிப்பு ஆரஞ்சு ரகம். 1916-ல் ஐரோப்பாவில் ஃப்ராய்ண்ட் என்ற டாக்டர், யூடிகோலன் பூசிக்கொண்டு வெயிலில் போனவர்களின் தோலில் விசித்திரமான கறுப்புத் திட்டுகள் வருவதை எழுதிவைத்தார். வாசனைத் திரவியத்தைக் கழுத்தில் தடவுவார்கள், அது வழிந்து இறங்கும், இறங்கிய பாதை அப்படியே கறுக்கும். 1925-ல் ரோசன்தால் என்ற இன்னொரு டாக்டர், பார்க்கக் கழுத்துச் சங்கிலியில் தொங்கும் பதக்கம் போல இருக்கிறதே என்று, பதக்கத்தைக் குறிக்கும் 'பெர்லோக்' என்ற பெயரையே அந்த நோய்க்கு வைத்துவிட்டார்.

என் டிராயரில் தூங்கிய மூன்றாவது பாட்டில் அந்த பெர்கமாட்தான். வெயிலோடு சேர்ந்தால் மூன்றிலும் அதுதான் பெரிய ரவுடி!

இதைப் படிக்கப் படிக்க எனக்கு இன்னொரு ஆச்சரியம். நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி கேட்டால் கொடுப்பார்கள். வெண்புள்ளிக்கு அதைக் கொடுத்து வெயில் காட்டச் சொல்லும் வைத்தியம் நம் நாட்டில் ரொம்பப் பழசு. அந்தச் செடியின் விஞ்ஞானப் பெயர் சோராலியா. அதிலிருந்துதான் 'சோராலென்' என்ற பெயரே வந்தது. பெர்காப்டன் அந்த சோராலென் குடும்பத்துப் பிள்ளை. இன்றைக்கும் தோல் டாக்டர்கள் சோராலெனையும் யு.வி.ஏ. விளக்கையும் சேர்த்து, நிமிஷக் கணக்கு பார்த்து வைத்தியம் செய்கிறார்கள். அளவு தெரிந்தவர் கையில் மருந்து. தெரியாதவர் கையில்? என் மருமகனின் தோள்.

*

இங்கே நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் எலுமிச்சை என்று சொல்லி, ஊறுகாய் போட்டு, திருஷ்டி கழித்து, புது வண்டிச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குகிற அந்தச் சின்ன உருண்டைப் பழம் ஆங்கிலத்தில் லெமன் இல்லை. லைம். லெமன் என்பது பெரிதாக, நீள்வட்டமாக, கெட்டித் தோலோடு சூப்பர் மார்க்கெட்டில் இருக்கிற வேறு பழம். நாம் 'லெமன் ரைஸ்' என்று சொல்வதெல்லாம் உண்மையில் லைம் ரைஸ்! சாப்பாட்டில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் தோலுக்கு வரும்போது, பிழிந்த லைம் எண்ணெய் பிழிந்த லெமன் எண்ணெயைவிட ஆபத்தானது.

எவ்வளவு ஆபத்து? இதற்குக் கணக்கு இருக்கிறது. இஃப்ரா என்ற சர்வதேச நறுமணப் பொருள் அமைப்பு வரம்பு வைத்திருக்கிறது. தோலில் தடவி, கழுவாமல் அப்படியே விடுகிற பொருளில் பிழிந்த பெர்கமாட் எண்ணெய் 0.4 சதவிகிதம் தாண்டக் கூடாது. லைம் 0.7. லெமன் 2. கிரேப்ஃப்ரூட் 4. நாம் தின்கிற இனிப்பு ஆரஞ்சுக்கும் மாண்டரினுக்கும் இந்த வெயில் வரம்பு தேவையில்லை.

அம்மாவின் கிண்ணத்துக்கு வருவோம். இரண்டு ஸ்பூனுக்கு ஒரு ஸ்பூன் என்றால் 33 சதவிகிதம். அனுமதி 0.7. வகுத்துப் பார்த்தேன். 47 மடங்கு. மூன்று வட்டிக்கு வாங்கினாலே நமக்குத் தூக்கம் வராது. 47 மடங்கை ஒரு குழந்தையின் தோளில் ஏற்றியிருக்கிறோம்.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. 'எவ்வளவு விடணும்?' என்று அவள் என்னிடம் கேட்டிருந்தாலும், 'தாராளமா விடும்மா, இயற்கைதானே' என்றுதான் சொல்லியிருப்பேன். எட்டிக்காயும் இயற்கைதான் என்பது ஞாபகம் வந்திருக்காது. அவள் தப்பாக நினைத்தது ஒன்றுதான். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் மாதிரி இதுவும் ஒரு எண்ணெய் என்று நினைத்துவிட்டாள். பெயர்தான் எண்ணெய். உண்மையில் ஏகப்பட்ட பழங்களின் தோலிலிருந்து பிழிந்த சாரம். கரண்டியில் அளக்கிற சாமான் இல்லை. சொட்டில் அளக்க வேண்டியது.

சொட்டுக் கணக்கு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பாட்டிலின் வாயைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும் என்றாலும், 1 மில்லி என்பது ஏறக்குறைய 20 சொட்டு. 100 மில்லி தேங்காயெண்ணெய்க்கு 20 சொட்டு விட்டால் ஒரு சதவிகிதம். முகத்துக்கு அதுவே தாராளம். அதிலும் பிழிந்த லைம் என்றால் 14 சொட்டோடும், பெர்கமாட் என்றால் 8 சொட்டோடும் நிறுத்த வேண்டும். இரண்டையும் சேர்த்து விட்டால் தனித்தனி வரம்பு கிடையாது. கூட்டு வட்டி மாதிரி, கூடித்தான் அடிக்கும். குழந்தைகளுக்கு நான் இப்போது எதையும் விடுவதில்லை. கொசுவுக்குக் கொசுவலை இருக்கிறது.

வரம்பைத் தாண்டித் தடவிவிட்டால், அந்த இடத்தில் 12 முதல் 18 மணி நேரம் வெயில் படக் கூடாது. மூடிக்கொள்ள துணி போதும். வீட்டு ஜன்னல், கார் ஜன்னல் கண்ணாடியை நம்பாதீர்கள். யு.வி.ஏ. சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும். தேய்த்துக் கழுவிவிடுகிற சோப்பு, ஷாம்புவில் இந்த பயம் ஏறக்குறைய இல்லை. பெர்கமாட் வாசனைதான் பிடிக்கும் என்றால் அந்த ரசாயனத்தை நீக்கிய ரகம் உண்டு. பாட்டிலில் எஃப்.சி.எஃப். என்று போட்டிருப்பார்கள். எதுவானாலும், கலந்ததில் துளி எடுத்து முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு அப்புறம் முகத்துக்கு வாருங்கள்.

எண்ணெய் இல்லாவிட்டால் பழம் மட்டும் விட்டுவிடுமா என்ன? 'கலர் வரும்' என்று வெட்டின எலுமிச்சையை முகத்தில் தேய்த்துக்கொண்டு அப்படியே வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் எத்தனை பேர்! வெளுக்கத்தான் தேய்த்தார்கள். எலுமிச்சையும் வெயிலும் சேர்ந்தால் கறுக்கத்தான் செய்யும். இருக்கிற நிறத்துக்கு என்ன குறைச்சல் என்பது வேறு விஷயம்.

*

ஆரஞ்சு பாட்டிலின் கதையும் பாக்கி இருக்கிறது. அது வெயிலுக்குச் சாது என்று சொன்னேன் அல்லவா? அதை மனைவி தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டுக்கொள்வாள். ஒரு பிரச்னையும் இல்லை. பாதி பாட்டில் பாத்ரூம் அலமாரியில், மூடி சரியாகத் திருகாமல் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தது. 2023 கோடையில் மறுபடி எடுத்துத் தேய்த்தாள். காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் ஒரே அரிப்பு, தடிப்பு.

மறுபடியும் அதே டாக்டர். 'என்ன சார், குடும்பத்தோட எங்கிட்ட பாஸ் எடுத்துட்டீங்களா?' என்றார்.

இது வேறு நோய். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 சதவிகிதத்துக்கு மேல் லிமோனீன் என்ற பொருள்தான். அது புதுசாக இருக்கும்வரை பெரிய தொந்தரவு தருவதில்லை. காற்றுப் பட்டுப் பட்டு நாளானால், இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி அதுவும் மாறிப்போகிறது. மாறிய பொருள்தான் ஒவ்வாமையைக் கொண்டுவருகிறது. ஒருமுறை வந்துவிட்டால் உடம்பு அதை மறப்பதில்லை. அப்புறம் எந்த கிரீமில், எந்த சோப்பில் அது இருந்தாலும் அரிக்கும். இதனால்தான் ஐரோப்பாவில் 2005-லிருந்து, அழகுப் பொருளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் லிமோனீன் இருந்தால் லேபிளில் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம்.

இப்போது எங்கள் வீட்டில், பாட்டில் வாங்கியதும் மூடியில் திறந்த தேதி எழுதுகிறோம். மூடியை இறுக்கித் திருகி ஃப்ரிட்ஜில், தனி டப்பாவில், குழந்தைகளுக்கு எட்டாத தட்டில். ஒரு வருஷம் தாண்டினால் தோலுக்குக் கிடையாது. துடைக்கிற வேலைக்குத்தான். அதுவும் கையுறை போட்டுக்கொண்டு.

துடைக்கிற வேலையில் இதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. புது எவர்சில்வர் பாத்திரத்தில் ஸ்டிக்கரை உரித்த பிறகு பிசுபிசுவென்று கோந்து ஒட்டிக்கொண்டிருக்குமே? துணியில் ரெண்டு சொட்டு விட்டுத் துடைத்தால் போய்விடும். மருமகனுக்கு ஒரு வேடிக்கை காட்டினேன். தெர்மோகோல் துண்டில் ஒரு சொட்டு விட்டேன். சொட்டு விழுந்த இடம் குழியாகக் கரைந்து உள்ளே போய்விட்டது. 'ஆஸிடா மாமா?' என்று கேட்டான். ஆஸிட் இல்லைதான். ஆனால் தெர்மோகோலைக் கரைக்கிற ஒன்றை முகத்தில் நேரடியாகத் தேய்க்கலாமா என்று யோசிக்க அந்தக் குழி ஒன்று போதும். இதே காரணத்துக்காகத்தான் இதைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றிவைப்பதும் இல்லை.

சில விஷயங்களைச் செய்யாமலே இருக்கிறோம். இது தீப்பிடிக்கும் சமாச்சாரம். 50 டிகிரி வாக்கில் சூடானாலே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். அதனால் அடுப்புப் பக்கமோ விளக்குப் பக்கமோ கொண்டுபோவதில்லை. குளிக்கிற வாளியில் சொட்டு விடுவதில்லை. இது தண்ணீரில் கரையாது, மேலே மிதந்து அப்படியே தோலில் ஒட்டும். வாசனைக்கு டிஃப்யூசரில் போட்டால் அரை மணி நேரம், ஜன்னலைத் திறந்துவைத்து. பூனை வளர்க்கிற வீட்டில் அதுவும் வேண்டாம். பூனையின் ஈரல் இந்த மாதிரிப் பொருள்களைச் செரித்து வெளியேற்றுவதில் ரொம்ப பலவீனம்.

தவறிப்போய்த் தோலில் அப்படியே கொட்டிவிட்டால், முதலில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தெடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலுக்குப் போகாமல் இருக்க வேண்டும். கண்ணில் பட்டால் நிறைய தண்ணீர் விட்டு அலசிக்கொண்டே இருந்து டாக்டரிடம் போக வேண்டும். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுதான் பெரிய ஆபத்து. பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி.

இவ்வளவும் ஒரு பத்து மில்லி பாட்டிலுக்கா என்று கேட்பீர்கள். ஆமாம். எங்கள் வீட்டில் அந்தப் பத்து மில்லி செய்த வேலையைச் சொல்லிவிட்டேனே!

*

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுபடி வருகிறேன். கிளினிக் வராந்தாவில் மாப்பிள்ளை தனியாக நின்றுகொண்டிருந்தார். பையன் அவர் தோளில் தூங்கிப்போயிருந்தான். பக்கத்தில் போனேன். எழுதிப் பிழைக்கிறவன். ஒரு வாக்கியம் அமையவில்லை.

"மாப்பிள்ளை... நேத்து நான் சொன்னது..."

"விடுங்க மச்சான். டாக்டர் பீஸ் குடுத்தாச்சா?"

"குடுத்துட்டேன்."

"எவ்வளவுன்னு சொல்லுங்க, தந்துடறேன்."

வேலையில்லாத நேரத்தில் அந்த மனுஷன் அந்தப் பணத்தை என் கையில் திணித்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறினார். வாங்கிக்கொள்ளாமல் இருக்க எனக்கு யோக்யதை இல்லாததால் வாங்கிக்கொண்டேன்.

கொப்புளம் பத்து நாளில் அடங்கியது. அதற்கடியில் பழுப்புத் தடம் இருந்தது. 'மாசக் கணக்காகும், வெயில்ல காட்டாதீங்க, தானா மங்கிடும்' என்று டாக்டர் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் திறந்தபோது டீச்சர் கேட்டாராம். பையனே 'அம்மாச்சி கை, எலுமிச்சை எண்ணெய், வெயில்' என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டானாம். ஆடியில் பார்த்தபோது இரண்டு விரல்தான் தெரிந்தது. புரட்டாசியில் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

மாப்பிள்ளை மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. போனால் 'வாங்க மச்சான்' என்பார். காபி வரும். கிரிக்கெட் பற்றிக் கேட்டால் பதில் வரும். ஆனால் அவராக ஒரு பேச்சு எடுக்க மாட்டார். முன்பெல்லாம் என்னைக் கிண்டல் செய்யாமல் அவருக்குப் பொழுது போகாது. என் கட்டுரைகளை ராகம் போட்டுப் படித்துக் காட்டுவார். அது அடியோடு நின்றுபோனது. தோல் டாக்டரிடம் இதற்கு கிரீம் இல்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு அங்கேதான் இருந்தோம். ஆகஸ்ட்டில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. விடியற்காலை நாலரை மணி. ஹாலில் மணை போட்டு, பையனை உட்காரவைத்து, அம்மா தலையில் எண்ணெய் வைத்தாள். தோள் பளிங்கு மாதிரி இருந்தது. அடுத்தது என் முறை. சட்டையைக் கழற்றிவிட்டு மணையில் உட்கார்ந்தேன்.

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வந்தார். என் தலைக்கு நேராகக் கொண்டுவந்தவர், நிறுத்தி, கிண்ணத்தை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

"நல்லெண்ணெய்தான் மச்சான். எதுக்கும் ஒரு தடவை மோந்து பாத்துக்கங்க. அப்புறம் மாடிக்குக் கூட்டிட்டுப் போயி விசாரிக்கக் கூடாது!"

தங்கை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய்தான்.